பேறுகால வலியின் அடையாளங்களும் நம் பெண்களின் வெட்கமும்



நாம் பெண்கள் மத்ரஸாவில் ஃபிக்ஹுப் பாடம் நடத்தத் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. அப்பாடங்களுள் மாணவியர் மிகுந்த கவனத்துடன் எழுதிக்கொள்வது ஹைள், நிஃபாஸ், இஸ்திஹாளா பற்றிய பகுதியாகும். எந்த நிறம், எத்தனை நாள், எந்த வக்தில் நின்றது, எந்தத் தொழுகை கடமையாகும் என்று ஒன்று விடாமல் படிக்கிறார்கள். கறுப்பு, சிவப்பு, மஞ்சள், கலங்கல் என்று நிறங்களை வரிசையாக ஒப்புவிக்கும் பதினேழு வயது மாணவியிடம், பேறுகாலம் நெருங்கும்போது உடலிலிருந்து வெளிப்படுவது எது, அதன் நிறம் என்ன என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள். சில ஆண்டுகளில் அவளுக்கே தேவைப்படப்போகும் செய்தி அது. அவளுக்கு அதை யாரும் சொல்லித் தந்திருப்பதில்லை. கேட்கவும் அவளுக்கு நா எழுவதில்லை.

நாம் மருத்துவம் படித்தவரல்லர். மூன்று பிள்ளைகளைப் பெற்றவர். ஊர்ப் பெண்கள் மருத்துவரிடம் கேட்கக் கூசுவனவற்றைக் கேட்டு வரும் இடத்தில் இருக்கும் ஆசிரியை. அவ்வளவே. கீழே வரும் மருத்துவச் செய்திகள் மருத்துவர்களும் கிராம சுகாதாரச் செவிலியரும் கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகச் சொல்பவைதாம். ஆனால் அவர்கள் சொல்லும்போது பரிசோதனை அறையில் கூட்டமாக இருக்கிறது, கூட வந்த நாத்தனார் பக்கத்தில் நிற்கிறார், நம் பெண் எல்லாவற்றிற்கும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறாள்.

முதலில் வலி. ஸூரத்து மர்யமில், அன்னை மர்யம் (அலைஹஸ்ஸலாம்) அவர்களைப் பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டு சென்ற வலியைக் குறிக்க ‘மகாள்’ என்ற சொல் வருகிறது. அதன் வேர்ச்சொல்லுக்குப் பாலை ஆட்டிக் கடைந்து வெண்ணெய் எடுத்தல் என்ற பொருளும் உண்டு. இந்தச் சொல்லை விளக்கும்போதெல்லாம் நாம் வகுப்பில் சற்று நின்றுவிடுவது வழக்கம். தயிர் கடைந்து பார்த்தவர்களுக்கு அது உடனே விளங்கும். மத்தின் கயிறு இழுபடும், பிறகு தளரும், மீண்டும் இழுபடும். இரண்டு இழுப்புகளுக்கு நடுவே ஒரு தளர்ச்சி உண்டு. உண்மையான பேறுகால வலியும் அப்படித்தான் வருகிறது. கர்ப்பப்பை என்பது தசையாலான பை. அது இறுகும்போது வலி, தளரும்போது ஓய்வு. ஒவ்வோர் இறுக்கத்திலும் கர்ப்பப்பையின் வாய் சிறிது சிறிதாக மெலிந்து விரிகிறது. முழுமையாக விரிந்த நிலையை மருத்துவர்கள் 10 சென்டிமீட்டர் என்று கணக்கிடுகிறார்கள்.

கடைசி மாதங்களில் வரும் எல்லா வலியும் இதுவாகிவிடாது. வயிறு திடீரெனக் கல்லைப் போல் இறுகி, சிறிது நேரத்தில் தளர்ந்துவிடும். இதை நம் பெண்கள் ‘சூட்டு வலி’ என்றும் ‘பொய் வலி’ என்றும் சொல்வார்கள். 1872ஆம் ஆண்டில் இதனை விவரித்த ஆங்கில மருத்துவர் பிராக்ஸ்டன் ஹிக்ஸின் பெயராலேயே மருத்துவ நூல்கள் இதனை அழைக்கின்றன. இந்த வலிக்கு ஒழுங்கில்லை. பத்து நிமிடத்தில் ஒன்று வரும், பிறகு நாற்பது நிமிடம் வராது. எழுந்து நடந்தால், தண்ணீர் குடித்தால், ஒருக்களித்துப் படுத்தால் அடங்கிவிடும். பெரும்பாலும் வயிற்றின் முன்பக்கத்தோடு நின்றுவிடும். உண்மையான வலியோ பலருக்கு முதுகின் அடிப்பகுதியில் தொடங்கி முன்னே சுற்றி வரும். நடந்தாலும் படுத்தாலும் விடாது. நேரம் செல்லச் செல்ல இடைவெளி குறையும், நீடிக்கும் நேரமும் கடுமையும் கூடும். வலி வரும்போது பேச்சைத் தொடர முடியாமல் நிறுத்த வேண்டியிருந்தால், அது இறுகுகின்ற கயிறுதான்.

நம் வீடுகளில் இதைப் பிரித்தறியச் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பது பழைய வழக்கம். சூட்டு வலியாக இருந்தால் அடங்கும், பிள்ளை வலியாக இருந்தால் கூடும் என்பார்கள். கஷாயத்தின்மீது நமக்குக் குறை ஒன்றும் இல்லை. வெதுவெதுப்பாக எதையேனும் குடித்துவிட்டு அரைமணி நேரம் அமைதியாகப் படுத்தால் பொய் வலி தணிவது இயல்பே. ஆனால் நீர்க்குடம் உடைந்திருக்கும்போதும், இரத்தம் போகும்போதும், குழந்தையின் அசைவு குறைந்திருக்கும்போதும் கஷாயத்தை நீதிபதியாக்கி உட்கார்ந்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். அந்த நேரத்தில் அடுப்பங்கரைக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. வாசலில் வண்டி நிற்க வேண்டும்.

தேதியைப் பற்றியும் ஒரு சொல். மருத்துவமனை அட்டையில் எழுதித் தரப்படும் நாள், கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாட்களை எண்ணிப் பெறப்படுவது. 28 நாள் கொண்ட மாதமாக எண்ணினால் சரியாகப் பத்து மாதம். ஆகவே ‘பத்து மாதம் சுமந்து’ என்று நம் மொழி சொல்வதில் பிழையில்லை. பிறை மாதத்தில் எண்ணினால் அதுவே ஏறத்தாழ ஒன்பதரை மாதமாகிறது. வீட்டுப் பெரியவர்களின் கணக்கும் அட்டையின் கணக்கும் மோதிக்கொள்ளும்போது அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலவே. 37 வாரம் நிறைந்தது முதல் 42 வாரத்திற்குள் எந்நாளும் வலி வரலாம். 37 வாரம் நிறையும் முன் இந்த அடையாளங்களில் எது தெரிந்தாலும், “இன்னும் நாள் இருக்கிறதே” என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வயிறு இறங்குவது பெரும்பாலும் முதலில் தெரியும் மாற்றம். தலைப்பிள்ளையாயின் வலிக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு முன்பே குழந்தையின் தலை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இறங்கிவிடுவதுண்டு. மூச்சு விடுவது எளிதாகும், நெஞ்செரிச்சல் குறையும். அதற்குப் பதிலாகச் சிறுநீர் அடிக்கடி வரும், நடை மாறும். இதற்காக அவசரப்பட வேண்டியதில்லை. இங்கே ஒரு தவறான நம்பிக்கையை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. “தலை இறங்கிவிட்டால் பிள்ளை அசையாது, இடம் இல்லை அல்லவா?” என்று மூத்த பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது சரியன்று. அசையும் விதம் மாறலாம். உதைப்பது போய் உருள்வது போலத் தோன்றலாம். ஆனால் அசைவு குறையக் கூடாது. பேறுகால வலி தொடங்கும் வரையிலும், தொடங்கிய பிறகும் குழந்தை அசைந்துகொண்டுதான் இருக்க வேண்டும். வழக்கத்தைவிடக் குறைந்திருப்பதாகத் தாய் உணர்ந்தால் அவள் சொல்லே போதும். நள்ளிரவானாலும் புறப்பட வேண்டும். விடியட்டும் என்று அவளைத் தூங்கச் சொல்லாதீர்கள்.

அடுத்து, வெட்கத்தின் எல்லைக்குள் வரும் இரண்டு அடையாளங்கள்.

கர்ப்ப காலம் முழுவதும் கர்ப்பப்பையின் வாயைக் கோழை போன்ற ஒன்று அடைத்துக் காக்கிறது. வாய் விரியத் தொடங்கும்போது அது கழன்று வெளிவரும். மூக்குச் சளியைப் போலக் கெட்டியாக, இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ, சில இரத்தக் கோடுகளுடனோ இருக்கும். ஒரே தடவையில் வரலாம், சிறிது சிறிதாகவும் வரலாம். இதைக் கண்டதும் வலி தொடங்கிவிட்டது என்பதில்லை. சில மணி நேரத்திலும் தொடங்கலாம், சில நாட்களும் ஆகலாம். உடை நனையும் அளவுக்குச் சிவந்த இரத்தம் வருமாயின் அது இந்த அடையாளமே அன்று, அது ஆபத்து.

இதைக் கண்டதும் நம் பெண்கள் பலர் தொழுகையை விட்டுவிடுகிறார்கள். நம்மிடம் அதிகமாக வரும் கேள்விகளுள் இதுவும் ஒன்று: இது நிஃபாஸா? ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் குழந்தை வெளிவருவதற்கு முன் வலியோடு காணும் இரத்தம் நிஃபாஸ் ஆகாது. நிஃபாஸ் பேறுகாலத்தோடு வருவது. ஆகவே அதுவரை தொழுகை கடமையாகவே இருக்கிறது. கசிவு உளூவை முறிக்கும், குளிப்பைக் கடமையாக்காது. கசிவு நிற்காமல் இருந்தால் தொடர் உதிரப்போக்கு உள்ளவளின் சட்டமே இவளுக்கும்: துணியை மாற்றிக்கொண்டு, வக்து வந்தபின் அந்தத் தொழுகைக்கென உளூச் செய்து தொழ வேண்டும். நிற்க இயலாதவள் உட்கார்ந்தும், உட்கார இயலாதவள் படுத்தும் தொழலாம். இந்தச் சட்டத்தைச் சொல்லும்போது நாம் கூடவே சொல்லும் இன்னொன்றும் உண்டு. குழந்தை இறந்துவிடும் என்று அஞ்சினால் மருத்துவச்சி தன் தொழுகையைப் பிற்படுத்தலாம் என்று ஹனஃபி ஃபுகஹாக்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பிறர் பிள்ளைக்காக ஒருத்திக்கு இத்தனை இடம் தந்த மார்க்கம், சொந்தப் பிள்ளையின் உயிருக்காக அவசரமாகப் புறப்படும் தாயைக் குற்றம் பிடிக்குமா? வழியில் தவறிய தொழுகையைப் பின்னர் களாச் செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, பனிக்குடம் உடைவது. நாம் இதனை எழுதக் காரணமானது இதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதி முடித்துச் சென்ற ஒரு பெண்ணுக்குத் தலைப்பிள்ளை. தாயார் மறைந்துவிட்டபடியால் பேறுகாலம் மாமியார் வீட்டிலேயே என்று முடிவாகியிருந்தது. கணவர் வளைகுடாவில். ஓர் இரவு இஷாவுக்குப் பின் அவளுடைய உடை நனைந்தது. வலி இல்லை. சிறுநீரை அடக்க முடியாமல் போய்விட்டது என்று எண்ணி உடையை மாற்றி உளூச் செய்துகொண்டாள். மீண்டும் நனைந்தது. மீண்டும் மாற்றினாள். பக்கத்து அறையில் மாமியார் உறங்கிக்கொண்டிருந்தார். விடியும் வரை ஐந்து முறை மாற்றியிருக்கிறாள். ஈரத் துணிகளை ஒரு வாளியில் போட்டு மூடி வைத்திருக்கிறாள். சுபுஹுக்கு எழுந்தபோது துணியில் பச்சை நிறம் தெரிந்தது. அதன் பிறகுதான் மாமியாரை எழுப்பினாள். அந்த அம்மையார் வாளியைத் திறந்து பார்த்துவிட்டு, வேறொன்றும் பேசாமல் ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார்.

குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்திருந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நாட்கள் வைத்திருந்து, அல்ஹம்துலில்லாஹ், நலமாகக் கையில் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் நாம் பார்க்கச் சென்றிருந்தோம். குழந்தை இன்னும் தாயிடம் வரவில்லை. நம்மைக் கண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, “அந்த ராத்திரி தொழுதது கூடுமா ஆலிமா?” என்பது. கூடும் என்றோம். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டோம். “மாமிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இந்த வயசுல படுக்கைய நனைக்கிறாளேன்னு நெனைச்சுடுவாங்களோன்னு…” என்றாள். அருகில் நின்ற மாமியார், “நானும் நாலு பெத்தவதானேம்மா. என்னைத் தட்டி எழுப்புறதுக்கு என்ன?” என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மையாரிடம் கடுமை எதையும் நாம் கண்டதில்லை. இரண்டு நல்ல பெண்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஓர் இரவு முழுவதும் ஒரு சொல் அவர்களுக்கிடையே கடக்கவில்லை.

ஆகவே அந்தச் சொல்லை இங்கே வெளிப்படையாகவே எழுதுகிறோம். பனிக்குடம் எல்லாருக்கும் திரைப்படத்தில் வருவதுபோலக் குபுக்கென்று உடைவதில்லை. பலருக்குச் சொட்டுச் சொட்டாகக் கசியும். வலி தொடங்கிய பிறகு உடைவதே அதிகம். ஆனால் நிறைமாதப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வலிக்கு முன்பே உடைகிறது. சிறுநீரா, பனிநீரா என்ற ஐயம் எழுந்தால் முதலில் கழிவறைக்குச் சென்று சிறுநீரைக் கழித்துவிட்டுச் சுத்தமான நாப்கினையோ வெள்ளைத் துணியையோ வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கினால் பனிநீர் நிற்காது. சிறிது நேரம் படுத்திருந்து எழுந்தால் மீண்டும் வரும். சிறுநீரின் வாடை இராது. நிறமற்றோ, வைக்கோல் ஊறிய நீர்போல் வெளிறியோ, இலேசான சிவப்போடோ இருக்கும். ஐயம் தீரவில்லையென்றாலும் மருத்துவமனைக்கே போங்கள். போய்ப் பார்த்து அது சிறுநீர்தான் என்று அவர்கள் திருப்பி அனுப்பினால் அதில் அவமானம் எதுவும் இல்லை.

உடைந்தது பனிக்குடம்தான் என்றால் வலி இல்லாவிட்டாலும் வீட்டில் தங்கக் கூடாது. குழந்தையைக் கிருமிகளிலிருந்து காத்த சுவர் திறந்துவிட்டது. நேரம் செல்லச் செல்லத் தொற்றுக்கான வாய்ப்பு கூடும். எந்த நேரத்தில் உடைந்தது, என்ன நிறம் என்ற இரண்டையும் நினைவில் வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். நனைந்த துணியை ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்றாலும் நல்லது. உள்ளே எதையும் வைக்க வேண்டாம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தாலும், துர்நாற்றம் வீசினாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. மிக அரிதாகத் தொப்புள்கொடி குழந்தைக்கு முன் இறங்கிவிடும். கயிறுபோல் ஏதேனும் தட்டுப்பட்டால் அதைத் தொடாமல், ஸஜ்தாவில் இருப்பதுபோல் முழங்காலிட்டு மார்பைத் தாழ்த்தி, இடுப்பை உயர்த்தி வைத்துக்கொண்டு 108க்கு அழையுங்கள். குழந்தையின் தலை கொடியை நசுக்காமல் இருக்க இந்த நிலை உதவுகிறது.

வெட்கம் ஈமானில் உள்ளது என்பதை நாமே வகுப்பில் கற்பிக்கிறோம். அதே வகுப்பில், மார்க்கத்தை அறிந்துகொள்வதிலிருந்து வெட்கம் தடுக்காத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலியல்லாஹு அன்ஹா) புகழ்ந்ததையும் கற்பிக்கிறோம். அந்தப் பெண்கள் குளிப்பையும் உதிரத்தையும் பற்றி நபி (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்களிடமே வந்து கேட்டவர்கள். அவர்கள் கேட்டதால்தான் நம் கிதாபுகளில் அந்தப் பாடங்களே இருக்கின்றன. இவ்வாண்டு முதல் நிஃபாஸ் பாடத்தின் தொடக்கத்தில், அது எப்போது ஆரம்பமாகும் என்பதைச் சொல்லும் இடத்திலேயே, மேலே எழுதியவற்றையும் நாம் சேர்த்து நடத்துகிறோம். மாணவியரின் தாய்மாரையும் ஒருநாள் அழைத்து உட்கார வைத்தோம். ஓரிருவர் முகம் சுளித்தார்கள். மற்றவர்கள் அஸருக்குப் பாங்கு சொல்லும் வரை கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பேறுகாலத்தில் இறக்கும் பெண்ணுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்ற ஹதீஸை நம் ஊரில் எல்லாரும் அறிவார்கள். இழந்தவர்களுக்கு அது பெரும் ஆறுதல். ஆனால் மய்யித் வீட்டில், தாமதித்தவர்களே அதை ஓதிவிட்டு எழுந்து போவதைப் பார்க்கும்போது நெஞ்சு பொறுப்பதில்லை. உடனே புறப்பட வேண்டிய நிலைகளை இங்கே எழுதிவிடுகிறோம், யாரும் அறியவில்லை என்று சொல்லாதிருக்க: இரத்தம் அதிகமாகப் போதல், நடுவே தளராமல் தொடர்ந்து வலித்து வயிறு பலகைபோல் ஆதல், கடும் தலைவலியோடு பார்வை மங்குதல், முகம் வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், அசைவு குறைதல். முந்தைய பிள்ளையை அறுவை செய்து எடுத்தவர்கள் வலியின் முதல் அடையாளத்திலேயே செல்ல வேண்டும். வீட்டில் இருந்து நிமிடம் எண்ணும் சலுகை அவர்களுக்கு இல்லை.

மற்றவர்கள் எண்ணலாம். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்த வலி தொடங்கும் வரை எத்தனை நிமிடம் என்று கைப்பேசியிலோ தாளிலோ குறித்து வாருங்கள். தலைப்பிள்ளையாயின், ஐந்து நிமிடத்திற்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரம் அப்படியே தொடர்ந்தால் நேரம் வந்துவிட்டது. நடுவில் நடக்கலாம், திக்ரு செய்யலாம், இலேசாக ஏதேனும் சாப்பிடலாம்.

புறப்படும் முடிவை எடுப்பது யார் என்பதையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். நம் கடலோர ஊர்களில் கணவர் வெளிநாட்டில் இருப்பார்; அவரிடம் கேட்காமல் எப்படி என்று மாமியார் தயங்குவார்; அங்கே அவர் வேலை நேரத்தில் தொலைபேசியை எடுக்கமாட்டார். வலி வரும் முன்பே கணவர் தம் தாயிடம், “என்னைக் கேட்க வேண்டாம், அவள் போக வேண்டும் என்று சொன்னால் உடனே கூட்டிச் செல்லுங்கள்” என்று சொல்லி வைத்தால் போதும். செய்தியை வண்டியில் ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம். பரிசோதனை அட்டை, ஸ்கேன் தாள்கள், கர்ப்பப் பதிவு எண், ஆதார், சிறிது பணம், இரண்டு மாற்று உடை, குழந்தைக்குப் பருத்தித் துணிகள் ஆகியவற்றை 36ஆவது வாரத்திலேயே ஒரு பையில் போட்டு வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, மூன்றாவது பிள்ளைக்காரர்கள் மேலே சொன்ன ஐந்து நிமிடக் கணக்கை நம்பியிருக்க வேண்டாம். அவர்களுக்குக் கர்ப்பப்பை வாய் விரைவாகத் திறக்கும். வயிறு இறங்குவதும் வலி தொடங்குவதும் ஒரே நாளில் நடந்துவிடலாம். வலி ஒழுங்காக வரத் தொடங்கியதுமே கிளம்பிவிட வேண்டும். மருத்துவமனை தொலைவிலிருந்தாலும், வழியில் ரயில்வே கேட் இருந்தாலும், மழைக்காலமானாலும் அதற்கும் முன்னதாக.